பேகம் டீச்சர் அன்று வந்திருந்தார்

அனுப்புநர்
இ. குருவம்மாள் (வயது 43),
க/பெ. இருளாண்டி,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
ஒத்தப்பனைக்குளம், பரளச்சி வழி,
திருச்சுழி வட்டம்.

பெறுநர்
உயர்திரு. மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள்.

பொருள்: எங்கள் பள்ளித் தலைமையாசிரியை அமரர் மும்தாஜ் பேகம் அவர்கள் 11.09.2025 வியாழக்கிழமை பணிக்கு வந்திருந்தார் என்று பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. வட்டாரக் கல்வி அலுவலரின் கடிதம், நாள் 12.02.2025 (கண்மாய்க்கரை பள்ளி வளாகமே என்பது).
2. மேற்படி அலுவலரின் அறிக்கை, நாள் 19.09.2025 (கண்மாய்க்கரை பள்ளி வளாகம் அல்ல என்பது).
3. என் முந்தைய மனுக்கள், நாள் 24.09.2025 மற்றும் 13.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து நான் அனுப்பும் மூன்றாவது மனு இது. முதல் மனுவைத் தங்கள் அலுவலகம் உரிய அலுவலருக்கு அனுப்பியது. உரிய அலுவலர் என்பவர், நான் யார் மீது புகார் சொல்லியிருந்தேனோ அந்த வட்டாரக் கல்வி அலுவலரே. அவர் தம்மைத் தாமே விசாரித்து, தம் மீது தவறில்லை என்று கண்டறிந்து, எனக்குக் கடிதம் எழுதினார். இரண்டாவது மனுவுக்கும் அதே கடிதம் வந்தது. தேதி மட்டும் மாறியிருந்தது. அவருடைய நடுநிலைமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் இந்த முறை தாங்களே படித்துப் பார்க்க வேண்டும் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மானாவாரியில் இரண்டு ஏக்கர் மிளகாய் போடுகிறோம். மழை இல்லாத வருடம் கரிமூட்டம் போடுகிறவர்களோடு வெளியூர் போவோம். என் இளைய மகள் தங்கலட்சுமி இப்பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மேலாண்மைக் குழுவுக்குத் தலைவராக ஒரு மாணவரின் தாய் இருக்க வேண்டும் என்பது விதி. சென்ற ஆண்டு ஆகஸ்டில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கேள்வி கேட்காத ஆள் என்று ஊரில் யாரோ அலுவலகத்துக்குச் சொல்லியிருந்தார்களாம். தகவல் பிழை.

முதல் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார்கள். கையெழுத்து எங்கே என்று கேட்டு உடனே போட்டேன். பேகம் டீச்சர் அந்தப் பக்கத்தைத் திருப்பி என்னிடமே கொடுத்தார். "குருவம்மா, மொதல்ல வாசிங்க. வாசிக்காம போட்டா அது கையெழுத்து இல்ல, கோலம்" என்றார். மற்றவர்கள் டீ குடித்து முடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டார்கள். நான் முழுப் பக்கத்தையும் வாசிக்கும்வரை டீச்சர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று முதல் இந்தப் பள்ளிக்கு வந்த, இங்கிருந்து போன எல்லாக் கடிதங்களையும் வாசித்திருக்கிறேன். "மேற்படி", "மேற்கண்ட" எல்லாம் எனக்குப் பழகியது அப்படித்தான்.

2. டீச்சர் 2003ஆம் ஆண்டு ஜூனில் இங்கே வந்தார். அருப்புக்கோட்டையில் வீடு. காலை ஆறே முக்காலுக்குப் பஸ் ஏறி, பரளச்சியில் இறங்கி, அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். முதல் ஒன்பது வருடம் நடந்து வந்தார், பிறகு ஸ்கூட்டி. அவருக்கு முன் இருந்தவர்கள் சராசரியாக எட்டு மாதம் தாங்கினார்கள். மாறுதல் உத்தரவு வாங்குவதில் அவர்கள் காட்டிய முயற்சி மாணவர்களுக்கு நல்ல முன்மாதிரியாக இருந்தது.

டீச்சரைத் தெய்வம் என்று நான் எழுதப் போவதில்லை. கறாரான மனுஷி. அவர் வந்த மறு வருடமே எனக்கும் அவருக்கும் சண்டை. பங்குனி மாதம் பள்ளி முற்றத்தில் வத்தல் காயப் போட்டிருந்தேன். பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது, அள்ளுங்கள் என்றார். ஊரார் நிலம், உங்களுக்கென்ன என்றேன். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தாமே அள்ள ஆரம்பித்தார். மூன்று சாக்கு அள்ளி முடிக்கும்போது அவருக்குக் கை சிவந்து வீங்கிவிட்டது. எனக்கு அப்போதும் இரக்கம் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஆறு மாதம் அவரோடு பேசவில்லை.

3. 2014இல் மழை பொய்த்தது. நானும் என் கணவரும் முதுகுளத்தூருக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேல் வெட்டிக் கரி சுடப் போனோம். மூத்த மகள் கஸ்தூரிக்கு அப்போது ஒன்பது வயது. அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். தண்ணீர் எடுக்க ஆள் வேண்டுமே.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை மதியம், கரிமூட்டை ஏற்ற வந்த லாரியிலிருந்து டீச்சர் இறங்கினார். இரண்டு பஸ் மாறி, மூன்றாவதற்குப் பஸ் இல்லாமல் அந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறியிருக்கிறார். இளநீலச் சேலை, இடுப்புக்குக் கீழே கரித்தூளில் நீலம் தெரியவில்லை. எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தது. "இங்க எதுக்கு டீச்சர் வந்தீக?" என்றேன்.

"பிள்ள பேரு என் ரிஜிஸ்டர்ல இருக்கு. பிள்ள இங்க இருக்கு. ரெண்டும் ஒரே எடத்துல இருக்கணும்ல?" என்றார்.

பேரை அடித்துவிடுங்கள் என்று என் கணவர் சொன்னார். டீச்சர் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி முகம் கழுவினார். கரிமூட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கஸ்தூரியிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். அவள் ஏழெட்டு ஐம்பத்தாறு வரை சொல்லிவிட்டு நின்றாள். மீதியை டீச்சர் சொல்லிக் கொடுக்கவில்லை. "திங்கக்கிழம வந்து சொல்லு" என்றார். ஞாயிற்றுக்கிழமை என் கணவரே அவளைக் கூட்டிப் போய் ஊரில் உள்ள என் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். கஸ்தூரி இப்போது மதுரையில் நர்சிங் மூன்றாம் வருடம்.

இப்படி அவர் போய்க் கூட்டி வந்த பிள்ளைகள் பதினேழு பேர். இதற்காக அவர் விருது எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பப் படிவம் முப்பத்திரண்டு பக்கம் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

4. இனி குறைக்கு வருகிறேன்.

ஆசிரியர், மாணவர் வருகையைக் காலை ஒன்பதரை மணிக்குள் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான்: பள்ளிக்குத் தெற்கே கண்மாய்க்கரை. அதிலும் மடைக்கு நேர்மேலே நின்று, பரளச்சி பக்கம் திரும்பி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். இரண்டாம் ஆசிரியர் பணியிடம் நான்கு வருடமாகக் காலி. ஆகவே டீச்சர் தினமும் பதினான்கு பிள்ளைகளையும் காலை உணவு சமைக்கும் ஒச்சம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, வெயிலில் நடந்து போய்க் கரையேறி, தாமும் பிள்ளைகளும் இருப்பதை அரசாங்கத்துக்குத் தெரிவித்துவிட்டுத் திரும்பி வருவார். அவர் பாடம் நடத்தினாரா என்று அந்தச் செயலி ஒருநாளும் கேட்டதில்லை.

அவருக்கு வயது 56. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஆசிரியர் ஒருவரைப் போடுங்கள், அதுவரை வருகையைக் காகிதப் பதிவேட்டில் எழுத அனுமதி கொடுங்கள் என்று ஆறு கடிதம் எழுதினார். ஐந்துக்குப் பதில் இல்லை. நடுவே, ஒருநாள் பதிவு ஒன்பது நாற்பத்தொன்றுக்கு ஏறியது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை மட்டும் வந்தது. ஆறாவது கடிதத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலர் பதில் அனுப்பினார் (பார்வை 1). அதை நானே குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன். அதில் உள்ளபடி:

"மேற்படி கண்மாய்க்கரை பள்ளியை ஒட்டி அமைந்துள்ளதால் வருகைப் பதிவின் பொருட்டு அதனைப் பள்ளி வளாகமாகவே கருதலாம். எனவே வளாகத்தில் சிக்னல் இல்லை என்ற கோரிக்கை ஏற்புடையதன்று."

வாசித்து முடித்ததும் டீச்சர், "நம்ம ஸ்கூலுக்குக் கண்மாயே குடுத்துட்டாங்க, குருவம்மா. இனிமே மீன் குத்தகை நம்மளுக்குத்தான்" என்றார். எல்லாரும் சிரித்தோம். கண்மாயில் தண்ணீர் இல்லை.

5. 11.09.2025 அன்று நடந்தது. டீச்சர் எட்டே முக்காலுக்கு வந்தார். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்தினார். என் மகள் தங்கலட்சுமியின் கணக்கு நோட்டில் அன்றைய தேதியிட்டு, சிவப்பு மையில், ஐந்து கணக்கில் இரண்டு தப்பு என்று போட்டிருக்கிறார். "கடன் வாங்கியதைத் திருப்பிக் கழிக்கவில்லை" என்று கீழே எழுதியுமிருக்கிறார். அந்தப் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன். என் மகளின் மானம் போனாலும் பரவாயில்லை.

ஒன்பதேகாலுக்கு அவர் கரைக்குப் போனார். கரையை ஒட்டிய எங்கள் நிலத்தில் நான் களை எடுத்துக்கொண்டிருந்தேன். பாதிக் கரையில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, போய்க் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். கை ஈரமாக, குளிர்ந்து இருந்தது. "உக்காருங்க டீச்சர், பொறவு போடலாம்" என்றேன். "ஒன்பதரை ஆயிரும்" என்றார். மடை மேல் நின்று கையை உயர்த்திப் பிடித்தார். சிறிது நேரத்தில் கீழே இறக்கிப் பார்த்தார்.

"பிள்ளைக பேரெல்லாம் ஏறிருச்சு. என் பேருதான் சுத்திக்கிட்டே இருக்கு" என்றார்.

பிறகு மடைச் சுவரில் உட்கார்ந்தார். சாய்ந்தார். என் மடியில்தான் சாய்ந்தார். கைப்பேசி அவர் கையிலேயே இருந்தது, திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

108ஐ அழைக்க நாங்கள் எங்கும் ஓட வேண்டியிருக்கவில்லை. ஊரிலேயே சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்தில்தானே இருந்தோம். அந்த வகையில் அரசின் திட்டத்துக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஊர்க்காரர்கள் கொண்டுவந்த லோடு ஆட்டோவில் படுக்க வைத்து, ஆம்புலன்ஸுக்கு எதிரே பரளச்சி வரை கொண்டுபோனோம். அங்கே ஆம்புலன்ஸில் வந்தவர் நாடி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

6. 19.09.2025 அன்று பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. வட்டாரக் கல்வி அலுவலர் காரில் வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பதவியில் இருந்த ஒருவர் இந்தப் பள்ளிக்கு வந்தது அது மூன்றாவது முறை. வாசலில் ஃபிளக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் அலுவலரின் படம் பெரியது, டீச்சரின் படம் சிறியது. யார் இறந்தது என்று வழிப்போக்கர்களுக்குக் குழப்பம் வரக்கூடாதே என்று, டீச்சர் படத்துக்கு மட்டும் மாலை அச்சடித்திருந்தார்கள். கீழே "வைகுண்ட பதவி அடைந்த மும்தாஜ் பேகம்" என்று இருந்தது. கடைக்காரர் பழைய அச்சில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

டீச்சரின் கணவர் ஒலி முகம்மது அருப்புக்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறார். அந்த ஃபிளக்ஸை நாங்கள் கழற்றப் போனோம். அவர் தடுத்துவிட்டார். "விடு தங்கச்சி. எந்த வாசல் வழியா போனாலும் நல்ல எடத்துக்குத்தான் போயிருப்பா" என்றார்.

அலுவலர் நாற்பது நிமிடம் பேசினார். கடமை, கண்ணியம், மெழுகுவர்த்தி என்று பேசினார். பேச்சில் எந்தக் குறையும் இல்லை. எந்த ஊர் ஆசிரியர் இறந்தாலும் பொருந்தும். மூன்று இடத்தில் "மும்தாஜ் பானு" என்றார். பேச்சு நீண்டதால் இரண்டு நிமிட மவுனத்தை அரை நிமிடமாகக் குறைத்தார்கள். அதன்பின் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எதற்கு என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை.

7. கூட்டம் முடிந்து, வகுப்பறையில் அவருக்குச் சுண்டலும் டீயும் கொடுத்தோம். அவர் ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "அம்மா, இது சும்மா ஃபார்மாலிட்டி. கீழ ஒரு கையெழுத்து" என்றார்.

நான் வாசித்தேன். அவர் சுண்டலைத் தின்று முடிக்கும்வரை வாசித்தேன். அதில் எழுதியிருந்தது இதுதான்: தலைமையாசிரியை அன்று முன்அனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை, பள்ளி வளாகத்துக்கு வெளியே, கண்மாய்க்கரையில், சொந்த வேலையாகச் சென்றிருந்தபோது உடல்நலக் குறைவால் இறந்தார், மேற்படி விவரம் உண்மை என்று மேலாண்மைக் குழுத் தலைவராகிய நான் உறுதி கூறுகிறேன்.

"சார், டீச்சர் அன்னைக்கு வந்தாக" என்றேன்.

"ஆப்புல ஏறலம்மா. ஏறலேன்னா வரலேன்னுதான் அர்த்தம்."

"நான் பாத்தேன் சார். என் மடியிலதான் உசுரு போச்சு."

"நீங்க பாத்தத எங்க அப்லோட் பண்றது?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே வழி தெரியாமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"அப்ப மவுனமா யாருக்கு சார் எந்திரிச்சு நின்னோம்?" என்றேன்.

அவர் டீயை எடுத்துக் குடித்தார். பிள்ளைகளின் வருகை அன்று டீச்சர் கைப்பேசியிலிருந்துதானே ஏறியது என்று கேட்டேன். அதை யார் வேண்டுமானாலும் ஏற்றியிருக்கலாம் என்றார். நோட்டைக் காட்டினேன். தேதியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். அவருடைய பிப்ரவரிக் கடிதத்தைத் தீர்மானப் புத்தகத்தில் திறந்து காட்டினேன். அதை மட்டும் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு, கையெழுத்துப் போடாவிட்டால் குழுவைக் கலைத்து வேறு தலைவரைப் போட வேண்டி வரும் என்றார். தாராளமாக என்றேன். தாளை மடித்துப் பொன்னாடைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார். என் கையொப்பம் இல்லாமலே அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது (பார்வை 2).

ஐயா, டீச்சர் உயிரோடு இருந்தவரை பள்ளி வளாகத்துக்குள் இருந்த கரை, அவர் இறந்த அன்று வளாகத்தை விட்டு வெளியேறிவிட்டது. இவ்வளவு பெரிய கரை ஒரே நாளில் நகர்ந்தது நீர்வளத் துறைக்குத் தெரியுமா என்பதையும் விசாரிக்க வேண்டுகிறேன்.

மேலும், அறிக்கையின்படி அன்று பதினான்கு பிள்ளைகளும் ஆசிரியர் இல்லாத பள்ளிக்குத் தாங்களாகவே வந்து, பூட்டைத் திறந்து, தங்கள் நோட்டைத் தாங்களே திருத்தித் தங்களுக்கே தப்புப் போட்டுக்கொண்டு, கண்மாய்க்கரை போய் வருகையையும் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியானால் இந்தப் பிள்ளைகளுக்கு மாநில விருது தர வேண்டும். முப்பத்திரண்டு பக்கப் படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன்.

8. இதில் பண விவகாரம் எதுவும் இல்லை என்பதைத் தெளிவுபடுத்துகிறேன். வந்தார் என்று எழுதினாலும் வரவில்லை என்று எழுதினாலும் குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேரும் என்று அலுவலகத்திலேயே சொன்னார்கள். "பெறகு ஏம்மா இத விடாம புடிச்சிட்டு அலையுற?" என்றும் கேட்டார்கள். வந்தார் என்று எழுதினால், அவர் ஏன் கரையேறினார் என்ற கேள்வி வரும். ஆசிரியர் பணியிடம் ஏன் காலி என்ற கேள்வி வரும். ஆறு கடிதம் எங்கே என்ற கேள்வி வரும். வரவில்லை என்று எழுதிவிட்டால் ஒரு கேள்வியும் வராது. அவர்கள் சிரமம் எனக்குப் புரிகிறது.

போன மாதம் ஒலி முகம்மது அவர்களைக் கடையில் போய்ப் பார்த்தேன். மிஷினை நிறுத்திவிட்டுப் பேசினார். "சண்ட வேண்டாம் தங்கச்சி. எங்க மக கல்யாணத்துக்கே அவ ரெண்டு நாளுதான் லீவு போட்டா. இத்தன வருசம் காலையில அவள பஸ் ஏத்தி விட்டவன் நான். அன்னைக்கும் நான்தான் ஏத்தி விட்டேன். வரலேன்னு மட்டும் எழுத வேண்டாம்னு சொல்லு" என்றார். பிறகு மிஷினை ஓட்ட ஆரம்பித்தார். அதில் துணி இல்லை.

9. இப்போது வாரம் மூன்று நாள் வேறு பள்ளியிலிருந்து ஓர் இளைஞர் மாற்றுப்பணியில் வருகிறார். நல்ல பையன். வயது இருபத்தொன்பது. கரையேறி இறங்க அவருக்குச் சிரமம் இல்லை. கரையேறத் தெம்புள்ள ஆளாகப் பார்த்துப் போட்டதன் மூலம் சிக்னல் பிரச்சினையை அலுவலகம் தீர்த்துவிட்டதாகத் தெரிகிறது. மீதி இரண்டு நாள் ஒச்சம்மாள் பார்த்துக்கொள்கிறார். அவர் சமைக்கவும் செய்கிறார்.

ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து, 11.09.2025 அன்று மும்தாஜ் பேகம் பணியில் இருந்தார் என்றும், பணியில் இருக்கும்போதே இறந்தார் என்றும் பதிவேட்டில் திருத்தம் செய்ய வேண்டுகிறேன். இறந்தவர் பெயரைச் செயலி ஏற்காது என்றால் பேனாவால் எழுதினால் போதும். மேற்படி அறிக்கையைத் திரும்பப் பெறவும், காலியான இரண்டு பணியிடங்களிலும் ஆசிரியர்களைப் போடவும், சிக்னல் வரும்வரை வருகையைக் காகிதத்தில் எழுத அனுமதிக்கவும் வேண்டுகிறேன். என்னைப் பதவியிலிருந்து நீக்குவதானால் இவற்றைச் செய்தபின் நீக்கலாம். இம்மனுவை மீண்டும் உரிய அலுவலருக்கு அனுப்பிவிட வேண்டாம். அவர் ஏற்கெனவே இரண்டு முறை தம்மை விசாரித்துக் களைத்திருப்பார்.

சாட்சியாக, அன்று வகுப்பில் இருந்த பதினான்கு பிள்ளைகளும் தாங்கள் கண்டதை ஆளுக்கொரு தாளில் தங்கள் கைப்பட எழுதியதை இத்துடன் இணைத்திருக்கிறேன். "டீச்சர் அன்னைக்கு வந்தாங்க" என்று பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள். "வந்தாங்க எனக்கு ரெண்டு தப்பு போட்டாங்க" என்று ஒருத்தி. ஒன்றாம் வகுப்பு படிக்கும் இரண்டு பேருக்கு "டீச்சர்" வரைதான் எழுத வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் திருத்தவும் இல்லை. எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைத் திருத்த வேண்டியவரின் பணியிடம் தற்போது காலியாக உள்ளது.

தங்கள் எழுத்துப்பூர்வமான பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
இ. குருவம்மாள்

இடம்: ஒத்தப்பனைக்குளம்
நாள்: 10.11.2025

இணைப்பு: பார்வை 1, 2 நகல்கள், தீர்மானப் புத்தகப் பக்கம், கணக்கு நோட்டுப் பக்கம், பிள்ளைகள் எழுதிய தாள்கள் 14.